அங்கேயும் கொம்யூன், இங்கேயும் கொம்யூன்! கரீபியன் கடலில் நம்ம ஆட்கள் போய் இறங்கிய குவாதலூப்... ஒரு மேப் டூர்

திருக்கனூருக்கு முதல்முறை வரும் தமிழ்நாட்டு நண்பர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. 'மண்ணாடிப்பட்டு கொம்யூன் பஞ்சாயத்து' என்ற போர்டைப் பார்த்துவிட்டு, "அது என்னப்பா கொம்யூன்?" என்பார்கள். பிரெஞ்சுக்காரன் வச்சுட்டுப் போன பேரு என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கப் போய்விடுவோம்.

1880-ல் பிரெஞ்சு அரசு போட்ட ஆணையில் புதுச்சேரிப் பகுதிகள் கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டன. இன்றைக்கும் புதுச்சேரியில் 5, காரைக்காலில் 5 என 10 கொம்யூன் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று நம்ம பக்கம் எல்லோருக்கும் இது மனப்பாடம்.

ஆனா, இதே கொம்யூன் என்ற பெயரில் 32 நிர்வாகப் பிரிவுகள் உள்ள ஒரு தீவு, இங்கிருந்து 14,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கரீபியன் கடல் ஓரத்தில் இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கேயும் கரும்பு விளைகிறது. அங்கேயும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே ஸ்பெஷல் சாப்பாட்டின் பேரைக் கேட்டால் நம்ம வீட்டுக் குழம்புதான் ஞாபகம் வரும்.

அந்தத் தீவின் பெயர் குவாதலூப். 19-ம் நூற்றாண்டில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறிய தமிழர்கள் போய் இறங்கிய இடங்களில் ஒன்று. அவர்களின் கதையைப் பற்றி அங்கங்கே படித்திருப்பீர்கள். ஆனா, அந்த மண் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்தக் கதை முழுசாகப் புரியும். அதனால் போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டே படியுங்கள்.

ஒரு பார்வை

அமைவிடம்: கரீபியன் கடலுக்கும் அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் நடுவே, பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 16 டிகிரி. புதுச்சேரி சுமார் 12 டிகிரி.
பரப்பு: சுமார் 1,630 சதுர கி.மீ. மொத்தப் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல்.
மக்கள்தொகை: நாலு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. புதுச்சேரியில் 2011 கணக்கெடுப்பிலேயே 12 லட்சத்துக்கு மேல்.
தலைநகர்: பாஸ்-தேர். வியாபாரம், துறைமுகம் எல்லாம் புவாந்த்-ஆ-பித்ர் பக்கம்.
மொழி: பிரெஞ்சு, கிரியோல்.
பணம்: யூரோ.
நேரம்: நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். திருக்கனூரில் ராத்திரி 7.30 என்றால் அங்கே காலை 10.

இது தனி நாடா?

இல்லை. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கரீபியனில் ஒவ்வொரு தீவுக்கும் ஒவ்வொரு கதை. குவாதலூப்புக்கு வடக்கே இருக்கும் ஆன்டிகுவா - பார்புடா, 1981-ல் சுதந்திரம் பெற்ற தனி நாடு. தெற்கே இருக்கும் டொமினிக்கா, 1978 முதல் தனி நாடு. வடமேற்கில் இருக்கும் மான்செராட் இன்னும் பிரிட்டனின் கையில். டொமினிக்காவைத் தாண்டி இன்னும் தெற்கே போனால் வரும் மார்த்தினிக், குவாதலூப்பைப்போலவே பிரான்ஸின் ஒரு பகுதி.

பிரான்ஸின் பகுதி என்றால் காலனி என்று நினைக்க வேண்டாம். 1946-லிருந்து குவாதலூப் பிரான்ஸின் ஒரு மாவட்டம் மாதிரி. அங்கே இருப்பவர் பிரான்ஸ் குடிமகன், பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓட்டு போடுபவர். அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் ஐரோப்பிய யூனியனுக்குள்தான் அந்தத் தீவு இருக்கிறது.

நமக்கு இதில் ஆச்சர்யம் இருக்கக் கூடாது. மாஹே கேரளாவுக்குள்ளும், ஏனாம் ஆந்திராவுக்குள்ளும் இருக்கும் யூனியன் பிரதேசத்துக்காரர்கள்தானே நாம்? திருக்கனூரே தரையில் இருக்கும் ஒரு தீவு மாதிரிதான். கொஞ்ச தூரம் பைக்கை விட்டால் விழுப்புரம் மாவட்ட போர்டு வந்துவிடும். இன்னும் கொஞ்ச தூரத்தில் மறுபடி புதுச்சேரி. அவர்களுக்கு நடுவில் கடல், நமக்கு நடுவில் தமிழ்நாட்டு வயல்.

பெயரை நம்பாதீங்க!

மேப்பில் குவாதலூப்பை ஜூம் செய்தால் முதலில் கண்ணில் படுவது அதன் வடிவம். சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரியே இருக்கும். இடது சிறகு பாஸ்-தேர். வலது சிறகு கிராந்-தேர். தலைநகரின் பெயரும் இடது சிறகின் பெயரும் ஒன்றுதான்.

பிரெஞ்சில் 'பாஸ்-தேர்' என்றால் தாழ்ந்த நிலம். 'கிராந்-தேர்' என்றால் பெரிய நிலம். ஆனா நிஜம் அப்படியே தலைகீழ். 'தாழ்ந்த நிலம்' முழுக்க மலை. அதுதான் பரப்பிலும் பெரியது, சுமார் 850 சதுர கி.மீ. 'பெரிய நிலம்' சின்னது, சுமார் 590 சதுர கி.மீ, அதுவும் தட்டையான சமவெளி.

ஏன் இப்படிக் குழப்பினார்கள்? அந்தக் காலத்து மாலுமிகள் உயரத்தைப் பார்த்துப் பேர் வைக்கவில்லை, காற்றைப் பார்த்து வைத்தார்கள். கிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு மலையின் மறைவில் இருக்கும், கப்பல் நிறுத்த வசதியான பக்கத்தை 'பாஸ்-தேர்' என்றார்கள். காற்று நேராக வந்து மோதும் கிழக்குப் பக்கத்துக்கு 'கபெஸ்தேர்' என்று பெயர். இந்த இரண்டாவது பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு சிறகுக்கும் நடுவில் 'ரிவியேர் சலே' என்று ஒரு குறுகிய நீர்வழி ஓடுகிறது. நேர் அர்த்தம் உப்பாறு. புதுச்சேரி டவுனுக்குள் ஓடும் நம்ம உப்பனாறு ஞாபகத்துக்கு வருகிறதா? பேரில் ஆறு இருந்தாலும் ரிவியேர் சலே உண்மையில் ஆறு இல்லை. வடக்கே ஒரு வளைகுடா, தெற்கே ஒரு வளைகுடா, இரண்டையும் இணைக்கும் கடல் நீர்தான். இரு கரையிலும் அலையாத்திக் காடுகள். தேங்காய்த்திட்டு பக்கம் படகில் போயிருக்கிறீர்களா? அதே வேர்கள், அதே சேறு. மேலே இரண்டு பாலங்கள். அந்தப் பாலங்களில் டிராஃபிக் நின்றால் தீவின் பாதி வாழ்க்கை நின்றுவிடும்.

ஒரு சிறகு நெருப்பு, ஒரு சிறகு சுண்ணாம்பு

ஒட்டி ஒட்டி இருக்கும் இரண்டு சிறகும் ஏன் இவ்வளவு வித்தியாசமாக இருக்கின்றன? பதில் கடலுக்கு அடியில் இருக்கிறது.

அட்லாண்டிக் பக்கத்துப் புவித்தட்டு, கரீபியன் புவித்தட்டுக்கு அடியில் வருஷத்துக்குச் சுமார் 2 செ.மீ. வேகத்தில் நுழைந்துகொண்டே இருக்கிறது. நம் நகம் வளர்வதைவிட மெதுவான வேகம். ஆனா பல கோடி வருஷம் விடாமல் நடக்கிறது. ஆழத்துக்குப் போன தட்டிலிருந்து வெளியேறும் நீர், மேலே இருக்கும் பாறையை உருகவைக்கிறது. உருகிய குழம்பு மேலே வந்து எரிமலைகள் ஆகிறது. மான்செராட், பாஸ்-தேர், டொமினிக்கா, மார்த்தினிக் என்று மேப்பில் வில் மாதிரி வரிசையாகத் தெரியும் தீவுகள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

இந்த வில்லுக்குக் கிழக்கே இன்னொரு வரிசை உண்டு. அவை பழைய எரிமலைகள். அணைந்து, தாழ்ந்து, அவற்றின் மேல் பவளப்பாறைகள் வளர்ந்து, சுண்ணாம்புக்கல் படிந்து, பிறகு மேலெழுந்த தட்டைத் தீவுகள். கிராந்-தேர், மரி-கலாந்த், ஆன்டிகுவா எல்லாம் இந்த வகை. அதாவது குவாதலூப்பில் இரண்டு வரிசையும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

பாஸ்-தேர் சிறகின் உச்சி, லா சூஃப்ரியேர் எரிமலை. உயரம் 1,467 மீட்டர். சிறிய ஆண்டிலிஸ் தீவு வரிசையில் இதைவிட உயரமான இடம் கிடையாது. பெயருக்கு அர்த்தம் கந்தகம் சம்பந்தப்பட்டது. பக்கத்தில் போனால் கந்தக வாடை அடிக்குமாம், பொருத்தமான பேர்தான்.

1976-ல் இந்த மலை சாம்பலும் நீராவியும் கக்க ஆரம்பித்தது. 70,000 பேருக்கு மேல் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 'பெரிதாக வெடிக்கும்' என்று ஒரு விஞ்ஞானிக் குழு, 'வெடிக்காது' என்று இன்னொரு குழு என்று பிரான்ஸே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். எதிர்பார்த்த பெரிய வெடிப்பு வரவில்லை. ஆனா வீண் பயம் என்றும் சொல்லிவிட முடியாது. பக்கத்துத் தீவு மான்செராட்டில் 1995-ல் எழுந்த எரிமலை, 1997-க்குள் அதன் தலைநகர் பிளைமவுத்தையே சாம்பலில் புதைத்துவிட்டது.

நிலநடுக்கமும் இந்தத் தட்டுகளின் வேலைதான். 1843 பிப்ரவரி 8 அன்று வந்த நிலநடுக்கத்தில் புவாந்த்-ஆ-பித்ர் நகரம் தரைமட்டமானது. 2004 நவம்பரில் வந்தது 6.3 ரிக்டர்.

ஒரே தீவு, ரெண்டு மழை

குவாதலூப்பில் பொதுவாக இரண்டே சீஸன். டிசம்பர் - ஜனவரி முதல் மே வரை வறண்ட காலம். ஜூலை முதல் நவம்பர் வரை மழைக்காலம். வெயில் வருஷம் பூரா ஏறக்குறைய ஒரே மாதிரி.

கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்றுகள் அட்லாண்டிக் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகின்றன. கிராந்-தேர் தட்டை. காற்று தடையே இல்லாமல் மேலே தாண்டிப் போய்விடும். அடுத்து பாஸ்-தேர் மலை குறுக்கே நிற்கிறது. காற்று மலைமேல் ஏறும், குளிரும், கொட்டும். ஸ்கூல் புவியியல் புக்கில் படித்த அதே 'மலைத்தடுப்பு மழை'.

எவ்வளவு கொட்டும் தெரியுமா? சூஃப்ரியேர் உச்சியில் வருஷத்துக்குச் சுமார் 10,000 மி.மீ. அப்படியே தேங்கி நின்றால் மூன்று மாடி உயரம். கிழக்கு ஓரத்தில் இருக்கும் லா தெசிராத் தீவில் அதில் பத்தில் ஒரு பங்குதான். புதுச்சேரியின் சராசரி 1,300 மி.மீ. அளவு.

அந்த மலைமழைதான் கார்பே அருவியாக விழுகிறது. மூன்று அடுக்கு அருவி, அதில் ஒன்று மட்டும் 110 மீட்டர். சுற்றிலும் அடர்ந்த காடு. 1989 முதல் அது தேசியப் பூங்கா. ஆதிக்குடிகள் இந்தத் தீவை 'கருக்கெரா' என்று அழைத்தார்கள். 'அழகிய நீர் உள்ள தீவு' என்று அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள்.

கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில், 1493 நவம்பரில் இங்கே வந்தார். ஸ்பெயினில் இருந்த ஒரு மாதா கோயிலின் பெயரைத் தூக்கி இந்தத் தீவுக்கு வைத்தார். அன்னாசிப்பழத்தை ஐரோப்பியர்கள் முதன்முதலில் பார்த்ததும் இங்கேதான் என்று சொல்வதுண்டு.

சுற்றியிருக்கும் குட்டித் தீவுகள்

குவாதலூப் என்பது வண்ணத்துப்பூச்சி மட்டும் இல்லை, ஒரு தீவுக்கூட்டம். தெற்கே வட்டமாக, ஒரு தோசை மாதிரி இருப்பது மரி-கலாந்த், சுமார் 158 சதுர கி.மீ. கொலம்பஸின் கப்பல் பேர்தான் அது. கரும்பும் ரம்மும்தான் இந்தத் தீவின் அடையாளம். இன்றும் மாட்டு வண்டி அங்கே பெருமையான விஷயம்.

தெற்கே பாஸ்-தேர் பக்கமாக 'லே சேந்த்' என்ற குட்டி எரிமலைத் தீவுகள். மீன்பிடிப்பும் சுற்றுலாவும்தான் அங்கே வாழ்க்கை. கிழக்கே நீளமாகப் படுத்திருப்பது லா தெசிராத், 'ஆசைப்பட்ட நிலம்'. நாள்கணக்கில் கடலையே பார்த்துவந்த மாலுமிகளுக்கு முதலில் தெரிந்த கரை என்பதால் அந்தப் பேர். சிறிய ஆண்டிலிஸிலேயே வயதான பாறைகள் இந்தத் தீவில்தான் இருக்கின்றன. டைனோசர் காலத்துப் பாறைகள்.

வடக்கே இருக்கும் சேன் மர்த்தேன், சேன் பர்த்தெலெமி தீவுகளும் முன்பு குவாதலூப் நிர்வாகத்தில்தான் இருந்தன. 2007-ல் பிரிந்து போய்விட்டன.

மண்ணுக்கு ஏத்த பயிர், பயிருக்கு ஏத்த ஆள்

இனி நம்ம கதைக்கு வருவோம்.

1635-ல் பிரெஞ்சுக்காரர்கள் குவாதலூப்பில் குடியேறினார்கள். தட்டையான, வெயில் அடிக்கும் கிராந்-தேர், கரும்புக்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து மக்களைப் பிடித்துவந்து அடிமைகளாக்கித் தோட்டம் போட்டார்கள். அந்தச் சர்க்கரைக்கு எவ்வளவு மதிப்பு தெரியுமா? ஏழாண்டுப் போரில் இங்கிலாந்து 1759-ல் குவாதலூப்பையும் 1761-ல் புதுச்சேரியையும் பிடித்தது. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்ஸுக்கு இரண்டும் திரும்பக் கிடைத்தன. ஆனா கனடாவை விட்டுக்கொடுத்தது. அவ்வளவு பெரிய கனடாவைவிட இந்தக் கரும்புத் தீவுகள் முக்கியம் என்று நினைத்த காலம் அது.

1848-ல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்தது. விடுதலையானவர்கள் பலர் தோட்டத்தைத் திரும்பிப் பார்க்கவே விரும்பவில்லை. யார்தான் விரும்புவார்கள்? தோட்ட முதலாளிகள் வேறு ஆட்களைத் தேடினார்கள். பிரான்ஸ் கையில் அப்போது இந்தியாவில் இருந்த துறைமுகங்கள் எவை? புதுச்சேரி, காரைக்கால் போன்றவை.

ஐந்து வருஷ ஒப்பந்தம். 'ஒரேலி' என்ற கப்பல் 1853-ல் மார்த்தினிக்கிலும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பித்ரிலும் இந்தியர்களை இறக்கியது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, சுமார் மூன்று மாதப் பயணம். 1861-ல் பிரிட்டனும் பிரான்ஸும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் எடுத்தார்கள். நிலைமை மோசம் என்ற புகார்களுக்குப் பிறகு 1888-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு அதை நிறுத்தியது.

அதற்குள் குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தால் இலவசமாக ஊர் திரும்பலாம் என்று எழுதப்பட்டிருந்தது. திரும்பியவர்கள் கால் பங்குக்கும் குறைவு. பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்தச் சில பத்தாண்டுகளிலேயே அந்த மண்ணில் இறந்துபோனார்கள்.

லிங்காரெட்டிப்பாளையம் சர்க்கரை ஆலைக்கு டிராக்டரில் கரும்பு போனதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்ம பக்கம் நிறையப் பேர் இருக்கிறோம். அந்த ஆலை ஓடாமல் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. கரும்பு வெட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சோகை கையைக் கிழிக்கும். அதை அறியாத ஊரில், அறியாத மொழிக்காரன் சொல்லச் சொல்ல வெட்டினால் எப்படி இருந்திருக்கும்?

குவாதலூப்பில் இன்றைக்கு ஓடும் சர்க்கரை ஆலைகள் இரண்டுதான். ஒன்று கிராந்-தேரின் கிழக்கே லெ மூல் கொம்யூனில், இன்னொன்று மரி-கலாந்தில்.

கபெஸ்தேர்: மேப்பில் தேட வேண்டிய ஊர்

ஞாபகம் வைக்கச் சொன்ன பெயர் இதுதான். பாஸ்-தேர் சிறகின் கிழக்குக் கரையில், காற்று வந்து மோதும் பக்கத்தில் கபெஸ்தேர்-பெல்-ஓ என்று ஒரு கொம்யூன் இருக்கிறது. பின்னால் எரிமலை, முன்னால் அட்லாண்டிக். கார்பே அருவியும் இந்தப் பக்கம்தான். ஈரமும் எரிமலை மண்ணும் சேர்ந்ததால் வாழைத் தோட்டங்கள் நிறைய. இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் பகுதிகளில் இது முக்கியமானது.

இங்கே சாங்ஜி என்ற இடத்தில், ரோட்டோரமாக வண்ணச் சிலைகளோடு நம்ம ஊர்க் கோயில் மாதிரியே ஒரு கோயில் நிற்கிறது. மாரியம்மன் அங்கே 'மலியேமின்' ஆகிவிட்டாள். தலைமுறைகள் கடந்ததில் தமிழ் பேச்சுமொழியாக இல்லை. வழிபாட்டில், பெயர்களில், சாப்பாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முத்துசாமி 'மூத்தூசாமி' ஆகி, சிதம்பரம் 'சிதம்பரோம்' ஆகியிருக்கிறார்கள்.

அந்த சிதம்பரோம்களில் ஒருவர் அங்கே வரலாறு. ஆன்றி சிதம்பரோம், 1863-ல் கபெஸ்தேரில் பிறந்தவர். தீவிலேயே பிறந்த இந்தியர்களின் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை கிடையாது என்று சொன்னதை எதிர்த்து 1904-ல் வழக்குப் போட்டார். குடியுரிமை கிடைத்தது 1923-ல். இருபது வருஷப் போராட்டம்.

சாப்பாடு? 'கொலொம்போ'! கோழி கொலொம்போ, ஆட்டுக்கறி கொலொம்போ என்று குவாதலூப் முழுக்க எல்லா வீட்டிலும் செய்கிறார்கள். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் சேர்த்து அரைத்த பொடிதான் அதற்கு உயிர். 'குழம்பு' என்ற நம்ம வார்த்தையிலிருந்து வந்ததாகத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். பெண்களின் பாரம்பர்ய உடையில் வரும் கட்டம் போட்ட துணிக்குப் பெயர் என்ன தெரியுமா? 'மத்ராஸ்'.

குவாதலூப் மக்களில் இந்திய வம்சாவளியினர் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இருக்கலாம் என்பது மதிப்பீடுதான். ஏன் மதிப்பீடு என்றால், பிரான்ஸின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனத்தைக் கேட்பதில்லை.

மண்ணுக்குள் இருக்கும் விஷம்

இன்ஸ்டாவில் வரும் ரீல்ஸில் இதைப் பார்க்க முடியாது. கபெஸ்தேர் பக்கத்து வாழைத் தோட்டங்களில் வண்டுகளைக் கொல்ல 1972 முதல் 1993 வரை குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்தைப் போட்டார்கள். பிரான்ஸில் 1990-ல் தடை வந்த பிறகும், இந்தத் தீவுகளுக்கு மட்டும் 1993 வரை விதிவிலக்கு கொடுத்தார்கள்.

எரிமலை மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. கிடைப்பதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சத்தைப் பிடித்துவைத்த அதே மண், இந்த விஷத்தையும் பிடித்துக்கொண்டது. அது முழுசாகப் போக நூற்றாண்டுகள் ஆகலாம். மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்கும் கடலுக்கும் கொண்டுபோகிறது. கிழங்குகள், ஆற்று மீன்கள், கடலோர மீன்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. சில கடற்பகுதிகளில் மீன்பிடிக்கவே தடை. குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் இது இருப்பதாக பிரான்ஸ் சுகாதாரத் துறை ஆய்வு சொல்கிறது.

குடிநீர் இன்னொரு பிரச்னை. 'அழகிய நீர் உள்ள தீவில்' தண்ணீர்ப் பஞ்சம்! மழை எல்லாம் மலைச் சிறகில். ஜனம் அதிகம் தட்டைச் சிறகில். அதனால் பைப்பில் கொண்டுவர வேண்டும். பைப்புகள் பழசாகி, பாதிக்கும் மேற்பட்ட தண்ணீர் வழியிலேயே ஒழுகிவிடுகிறது. இன்றைக்கு இந்த ஏரியாவுக்குத் தண்ணீர் வராது, நாளைக்கு அந்த ஏரியாவுக்கு வராது என்று முறை வைத்து நிறுத்துகிறார்கள்.

2011 முதல் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி மூட்டை மூட்டையாகக் கிழக்குக் கரையில் ஒதுங்குகிறது. அழுகினால் முட்டை கெட்டுப்போன வாடை வீசும் வாயு வரும்.

புயல் பாஷை நமக்கும் புரியும்

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் சீஸன். அங்கே ஹரிக்கேன், இங்கே சைக்ளோன். பேர்தான் வேறு, இரண்டும் வெதுவெதுப்பான கடல் நீரில் பிறக்கும் ஒரே சுழல்தான். ஆப்பிரிக்கக் கரையோரம் கிளம்பி, அட்லாண்டிக் முழுக்கக் கடந்து வரும் புயல்களுக்கு முதலில் எதிர்ப்படும் வாசல்படி இந்தத் தீவுகள்தான்.

1928 செப்டம்பர் 12 அன்று வந்த புயலில் குவாதலூப்பில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். 1989 செப்டம்பரில் வந்த 'ஹியூகோ' ஆயிரக்கணக்கானோரை வீடில்லாமல் ஆக்கியது. 2017-ல் 'மரியா' வாழைத் தோட்டங்களைச் சாய்த்துவிட்டுப் போனது.

2011 டிசம்பர் 30-ல் 'தானே' வந்த விடியற்காலையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி 'ஃபெஞ்சல்' கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. வீடூர் அணையைத் திறந்தார்கள் என்றாலே சங்கராபரணி ஓரத்து ஊர்களில் யாரும் தூங்குவதில்லை. கபெஸ்தேர்க்காரர்கள் ஆற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விழித்திருக்கும் ராத்திரியும் இப்படித்தான் இருக்கும்.

ரெண்டு ஊர், ரெண்டு முடிவு

ஒரே கொடியின்கீழ் இருந்த இரண்டு ஊர்கள் எட்டே வருஷ இடைவெளியில் எதிரெதிர்த் திசையில் போயின. 1946 மார்ச் 19 அன்று குவாதலூப் பிரான்ஸோடு முழுசாகச் சேர்ந்தது. 1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூர் பக்கத்தில் இருக்கும் கீழூரில், 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டு போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படி முழுமையானது 1962 ஆகஸ்ட் 16 அன்று.

நாம் கீழூரில் ஓட்டு போட்டுப் பிரான்ஸைவிட்டு வெளியே வந்தபோது, நம்ம துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே பிரான்ஸ் குடிமக்களாக இருந்தார்கள். மிச்சம் இருக்கும் பொதுச் சொல் 'கொம்யூன்'.

அங்கிருக்கும் இளைஞர்கள் பலர் இப்போது தங்கள் பூர்வீகத்தைத் தேடுகிறார்கள். ஆனா பதிவேடுகளில் ஊர்ப் பேரையும் ஆள் பேரையும் பிரெஞ்சு எழுத்தர்கள் தங்கள் காதுக்கு எட்டியபடி எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் படித்து, 'இது எந்த ஊரா இருக்கும்?' என்று கண்டுபிடிக்க நம்ம பக்கத்து ஊர்ப் பேர்களைத் தெரிந்த ஒருவர் வேண்டும். சொரப்பட்டையும் கொடாத்தூரையும் சுத்துக்கேணியையும் உச்சரிக்கத் தெரிந்த ஒருவர். உங்களுக்குத் தெரியும்தானே?

அப்படி ஒரு மெசேஜ் என்றைக்காவது உங்கள் போனுக்கு வந்தால், ஸ்பேம் என்று தள்ளிவிடாமல் ஒரு தடவை அந்த ஊர்ப் பேரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பணம், ஓடிபி கேட்டால் மட்டும் உடனே பிளாக் பண்ணிடுங்க!